இஞ்சி பிஸ்கட்டும் கோணல் பொத்தானும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடிகளின் முகப்பில் மனித உருவ பிஸ்கட்டுகள் வரிசை கட்டி நிற்கத் தொடங்கிவிடும். பழுப்பு உடம்பு, வெள்ளைச் சர்க்கரையில் ஒரு சிரிப்பு, வயிற்றில் மூன்று பொத்தான்கள். கண்ணாடித் தாளில் சுற்றிச் சிவப்பு நாடாவும் கட்டியிருப்பார்கள். காசைக் கொடுத்து வாங்கினால் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் ஓர் ஐட்டம் முடிந்தது. அப்படியிருக்க வீட்டில் மாவு பிசைந்து, தேய்த்து, வெட்டி, சுட்டு, அதற்கு மேல் வண்ணமும் தீட்டிக்கொண்டு இரண்டு நாள் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இன்றைய கேள்வி இதுதான்.

சாப்பிடுவதற்கு மட்டும் என்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஒரு தாயிடம் போய், "வீட்டில் செய்தால்தான் பண்டிகை" என்று உபதேசம் செய்வது நியாயமும் ஆகாது. ஆனால் ஜிஞ்சர்பிரெட் என்கிற இந்த இஞ்சி பிஸ்கட்டுக்கு மற்றப் பலகாரங்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. முறுக்கைப் பிழிந்தால் முறுக்கு. அதற்குமேல் அதில் செய்ய ஒன்றுமில்லை. இஞ்சி பிஸ்கட்டோ அடுப்பிலிருந்து இறங்கிய பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது. அந்தப் பாதி வேலையைச் செய்ய ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் சம உரிமை உண்டு.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஜிஞ்சர், லத்தீனில் ஜிஞ்ஜிபெரி, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், பாலி மொழியில் சிங்கிவேரம். இந்த வரிசையைப் பின்னோக்கித் தொடர்ந்து போன சொல்லாய்வாளர்கள், அடியில் திராவிட மொழிச் சொல் ஒன்று இருப்பதாகக் கருதுகிறார்கள். இஞ்சி, வேர் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், காதிலேயே விளங்கிவிடும். இதைக் கேட்டதும், "அப்படியானால் ஜிஞ்சர்பிரெட்டே நம்முடையதுதான்" என்று மார்தட்டத் தோன்றும். பொறுங்கள். சொல் போன வழி வேறு, பண்டம் வந்த வழி வேறு. இஞ்சியைத் தேனோடும் மாவோடும் சேர்த்து அச்சில் பதித்துச் சுட்டவர்கள் ஐரோப்பியர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

அவர்களில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தார் இதில் பேர்போனவர்கள். காரணம் எளிது. நகரைச் சுற்றியிருந்த பெருங்காட்டில் தேன் கிடைத்தது. வெனிஸ் வழியாகக் கீழை நாட்டு வாசனைச் சரக்குகள் வந்து இறங்கும் வணிகப் பாதையிலும் நகரம் இருந்தது. தேனும் சரக்கும் ஒரே சந்தையில் கிடைத்தால் என்ன நடக்கும்? 'லெப்குக்கென்' என்ற பிஸ்கட் பிறந்தது. 1643-இல் அதைச் செய்பவர்களுக்கென்றே தனிச் சங்கம் அங்கே அமைந்தது. யார் வேண்டுமானாலும் சுட்டு விற்றுவிட முடியாது. சங்கத்து உறுப்பினராக இருக்க வேண்டும். இன்றைக்கும் நூரம்பெர்க் லெப்குக்கென் என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர். வேறு ஊரில் செய்து அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

சுவீடன்காரர்கள் இதை 'பெப்பர்காக்கோர்', அதாவது மிளகு பிஸ்கட் என்கிறார்கள். மிளகு போடாவிட்டாலும் அதே பெயர்தான். ஒரு காலத்தில் கீழை நாட்டுச் சரக்கு எதுவானாலும் மிளகு என்ற ஒரே பெயரில் அடங்கிவிட்டது. குரோஷியாவில் இதயம்போல வடிவமைத்துச் சிவப்புச் சாயம் பூசி, நடுவில் சின்னக் கண்ணாடி பதித்துப் பரிசாகக் கொடுப்பார்கள். வடக்குக் குரோஷியாவின் அந்தக் கைத்தொழிலை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் மனித உருவத்தில் செய்யும் வழக்கத்தை முதலாம் எலிசபெத் ராணியின் அரண்மனையோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். வந்த விருந்தினரைப் போலவே பிஸ்கட் செய்து அவர்களுக்கே கொடுத்தாராம். ஜிஞ்சர்பிரெட் வீடு என்பதற்கோ 1812-இல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் கதைதான் பெரிய விளம்பரம். காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும் ரொட்டியால் கட்டிய வீட்டைக் கண்டு பிய்த்துத் தின்னும் கதை அது. பசியில் வாடிய பிள்ளைகளின் கதை என்பதைப் பலரும் மறந்துவிட்டு வீட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சரி, வரலாறு போதும். மாவுக்கு வருவோம்.

இஞ்சி பிஸ்கட்டுக்குப் பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெந்தோங் இஞ்சி அவ்வளவு வாசனையாகக் கிடைக்கும்போது ஏன் பொடியை வாங்க வேண்டும்? கேள்வி நியாயம்தான். ஆனால் பச்சை இஞ்சியில் நீர் அதிகம், மாவு இளகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளின் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. அது முன்னதைவிட உறைப்பு மிகுந்தது. சுக்குக்கும் இஞ்சிக்கும் குணம் வேறு என்று சுக்குக் காப்பி குடித்து வளர்ந்த தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே சுக்குத் தூள்தான் சரி. கடைப் பொடி டப்பாவில் ஒரு வருடமாகக் கிடந்திருந்தால் மணம் போயிருக்கும். சுக்கை வாங்கி இடித்துச் சலித்துக்கொள்வது நல்லது.

கோதுமை மாவு 350 கிராம், சோடா மாவு ஒரு தேக்கரண்டி, சுக்குத் தூள் இரண்டு தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்புத் தூள் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். 125 கிராம் வெண்ணெயை அதில் போட்டு, விரல் நுனியால் ரொட்டித் தூள் போல ஆகும்வரை உதிர்த்துவிடுங்கள். 150 கிராம் பழுப்புச் சீனியைக் கலந்த பிறகு, ஒரு முட்டையையும் நான்கு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பையும் அடித்து ஊற்றிப் பிசைந்தால் மாவு தயார். பினாங்கு ஜாதிக்காய் கிடைத்தால் கொஞ்சம் சீவிப் போடலாம், அது விருப்பம்.

மேலை நாட்டுச் செய்முறைகளில் மொலாசஸ் என்ற கரும்புக் கசட்டுப் பாகைக் கேட்பார்கள். அதைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். குலா மலாக்கா இருக்கிறதே! 100 கிராமை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, வடிகட்டி, கெட்டியாக எடுத்தால் கோல்டன் சிரப்புக்குப் பதிலாக அதே நான்கு மேசைக்கரண்டி ஊற்றலாம். நிறமும் மணமும் தூக்கலாகவே இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பாகு முழுவதும் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும், வெண்ணெயும் உருகிப்போகும்.

இனித்தான் நம் ஊர்ப் பிரச்சினை. செய்முறை எழுதியவர் குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பார். "மாவை மேசைமேல் தேய்த்து வடிவங்களை வெட்டவும்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். அவருடைய சமையலறையில் வெண்ணெய் கல்லாட்டம் இருக்கும். ஈப்போவிலோ ஈசூனிலோ நண்பகலில் சமையலறைக்குள் முப்பது டிகிரி. வெட்டிய உருவத்தைத் தூக்கினால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நீண்டு தொங்கும். அதைப் பார்த்து, "எனக்கு பேக்கிங் வராது" என்று கைவிட்டவர்கள் எத்தனை பேர்! வராதது பேக்கிங் அல்ல, குளிர்தான்.

அதற்கு வழி இருக்கிறது. பிசைந்த மாவை இரண்டு உருண்டையாக்கித் தட்டையாக அமுக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஓர் உருண்டையை மட்டும் வெளியே எடுங்கள். பேக்கிங் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, உருவங்களைத் தூக்காமல் சுற்றியுள்ள மாவை மட்டும் எடுத்துவிடுங்கள். தாளோடு தட்டில் ஏற்றி மறுபடி பதினைந்து நிமிடம் குளிரில் வையுங்கள். பிறகு 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து மறுபடி உள்ளே தள்ள வேண்டாம். ஆறினால் தானாக விறைத்துக்கொள்ளும். பலருடைய பிஸ்கட் கடிக்க முடியாமல் போவதற்கு இந்தப் பயம்தான் காரணம்.

அலங்காரத்துக்குச் சர்க்கரைப் பசை. முட்டை வெள்ளைக்கரு ஒன்றுக்குச் சலித்த ஐசிங் சீனி 200 கிராம், எலுமிச்சைச் சாறு சில சொட்டு. வெண்மையாகத் திரண்டு வரும்வரை அடிக்க வேண்டும். கோடு போடக் கெட்டியாக, உள்ளே நிரப்பக் கொஞ்சம் தண்ணீர் தொட்டு இளக்கமாக. பசையை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஏடு கட்டிவிடும். வண்ணத்துக்கு நீர்ச்சாயத்தைவிடக் கூழ்ச்சாயம் மேல். ஒரு துளியே போதும், பசையும் நீர்க்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. இது பச்சை முட்டை. பசையைச் சுடப்போவதில்லை, அப்படியே சாப்பிடப்போகிறோம். சால்மொனெல்லா என்ற கிருமி பெரியவர்களைச் சில நாள் படுக்க வைக்கும். சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் அதற்கு மேலும் படுத்தும். பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே வேலை செய்வார்கள் என்பது எல்லாரும் அறிந்ததுதானே? ஆகவே பிள்ளைகள் உட்காரும் மேசைக்குக் கிருமி நீக்கிய வெள்ளைக்கருவையோ மெரிங் பவுடரையோ வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடத்தான், பரவாயில்லை. பச்சை மாவைக் கிள்ளித் தின்ன விடுவதும் அப்படியே. முட்டை இல்லாத மாவு என்றாலும் ஆபத்து இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி பரவியதற்குக் கோதுமை மாவே காரணம் என்று கண்டறிந்தார்கள். மாவு உலர்ந்த பொருள். ஆனால் கிருமி கொல்லப்பட்ட பொருள் அல்ல.

தீட்டிய பிஸ்கட்டைக் காய வைப்பது அடுத்த சோதனை. மழைக்காலத்து டிசம்பரில் காற்றே நனைந்திருக்கும். அவசரத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்துச் சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். குளிரூட்டி உள்ள அறையில், அல்லது மின்விசிறிக்குக் கீழே, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த மறக்காதீர்கள். எறும்புக்குக் கிறிஸ்துமஸ் இருபத்தைந்தாம் தேதி அல்ல, நீங்கள் பசை அடித்த அன்றே.

ஜிஞ்சர்பிரெட் வீடு கட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் வாரக்கணக்கில் நிற்கும் வீடு, இங்கே மூன்றாம் நாளே கூரை சரிந்து நிற்கும். மாவு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுகிறது. சர்க்கரையை உருக்கி ஒட்டினால் பசையைவிடப் பலம், ஆனால் உருகிய சர்க்கரை கொதிக்கும் தண்ணீரைவிட மிகச் சூடு. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த வேலை பெரியவர்களுக்கு மட்டும். சின்னக் குடிசையாகக் கட்டி, மறுநாளே இடித்துத் தின்பது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் கைமுறை. கருத்தரங்கு வைத்துப் பேச வேண்டிய விஷயம் இனித்தான் வருகிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மூவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவள் பொறுமையாகக் கோடு போடுகிறாள். நடுவில் உள்ளவன் பிஸ்கட் மனிதனுக்குக் காற்பந்துச் சட்டை தீட்டுகிறான். கடைக்குட்டி பசையைப் பிதுக்குகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வாய், வயிற்றில் மூன்று பொத்தானுக்குப் பதில் ஏழு பொத்தான், ஏழும் கோணல். பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மா வருகிறார். கத்தி முனையால் அந்த ஏழு பொத்தான்களையும் சுரண்டிவிட்டு அழகாக மூன்று வைக்கிறார். அதுவும் முடியாவிட்டால் அந்த பிஸ்கட்டைத் தட்டின் அடியில் போட்டுவிடுகிறார். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? படம் எடுத்துப் போட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?

காலையில் கடைக்குட்டி எழுந்து வந்து தன் பிஸ்கட்டைத் தேடும். தேடும், நேயர்களே, கட்டாயம் தேடும். கிடைக்காவிட்டால் அழாமல்கூடப் போகலாம். ஆனால் அடுத்த வருடம் கூப்பிட்டால், "அம்மாவே செய்யட்டும், நான் செய்தால் நல்லா இருக்காது" என்று சொல்லும்போது தாய்க்குக் காரணம் புரியாது. பள்ளியில் மதிப்பெண், டியூஷனில் மதிப்பெண், கராத்தேயில் மஞ்சள் வார். எதிலும் திருத்தப்படாமல் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே மேசையையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி? கடை பிஸ்கட்டைப்போலவே இருக்க வேண்டும் என்றால் கடையிலேயே வாங்கியிருக்கலாமே!

தாய்மார்களை மட்டும் குறை சொல்வது முறையாகாது. பல வீடுகளில் மாவு வாங்குவதிலிருந்து தட்டு கழுவுவதுவரை ஒரே ஆள். அசதியில் இருப்பவருக்கு அழகாகவாவது வரட்டுமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்பாக்கள் என்ன செய்கிறார்கள்? கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கி வந்து வைத்ததோடு கடமை முடிந்தது என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டால் ஆகாது. குளிர்ந்த மாவைத் தேய்க்கக் கைப்பலம் வேண்டும். அந்த வேலைக்கு அவர்தான் பொருத்தமான ஆள். தட்டுகளை ஓவனில் வைத்து நேரம் பார்க்கும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படையுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் கிராம்பு இடிக்கட்டும், பேச்சுத்துணையாக இருக்கட்டும். பேரன் தமிழில் பேசுவதில்லை என்று வருத்தப்படும் பாட்டிகள், பசைக் கூம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அரை மணி நேரத்தில் சுக்கு, பட்டை, கிராம்பு, பாகு, பதம் என்று ஐந்து சொல்லாவது அவன் வாயில் ஏறியிருக்கும்.

அடுத்து, பலகாரத் தட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த இரண்டு நாடுகளிலும் கிறிஸ்துமஸ் தட்டு இந்து வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கு முறுக்கும் நோன்புப் பெருநாளுக்குக் குவேயும் வந்த வழியிலேயே திரும்பிப் போகும். முஸ்லிம் அண்டைவீட்டார்க்குக் கொடுப்பதென்றால் மெரிங் பவுடர், சாயம், மேலே தூவும் மிட்டாய், மார்ஷ்மெல்லோ எல்லாவற்றிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்பது முக்கியம். பழக்கேக்கில் ரம் ஊற்றும் வீடு என்றால் அதே பாத்திரத்தையும் கரண்டியையும் இதற்கு எடுக்க வேண்டாம். அப்படியும் ஒருவர் அன்போடு மறுத்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் மறுப்பது உங்களை அல்ல. அவர்களுக்கு ஹலால் முத்திரையுள்ள கடை பிஸ்கட்டை வாங்கிக் கொடுப்பதிலும் குறைவில்லை. சைவம் உண்ணும் இந்து நண்பர்களுக்கு முட்டை இல்லாமல் ஒரு தட்டு தனியாகச் செய்யலாம். முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி பால் போதும், பிஸ்கட் சற்று உதிரியாக இருக்கும், அவ்வளவுதான். மேலே தீட்டவும் வெறும் ஐசிங் சீனியும் பாலும் கலந்த பசையே போதும்.

சர்க்கரையையும் பேசாமல் விட முடியாது. மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அச்சை எடுத்து உள்ளங்கை அளவு மனிதனைச் செய்து உடம்பு முழுக்கப் பசை பூசினால், ஒருவர் கையில் ஒரு நாள் சர்க்கரை. சின்ன அச்சு எடுங்கள், கோடு மட்டும் போடுங்கள். நட்சத்திரம் ஒன்று, மரம் ஒன்று, மனிதன் ஒன்று என்று தட்டுக்கு மூன்று போதும். தாத்தாவுக்குப் பசை இல்லாத வெறும் பிஸ்கட் ஒன்று எடுத்து வையுங்கள். அவருக்கும் சுக்கு வாசனை தெரியும்.

முழுக்க ஆறி, பசையும் காய்ந்த பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் பேக்கிங் தாளை இடையிடையே போட்டு அடுக்கினால் இரண்டு வாரம் தாங்கும். முதல் இரண்டு நாளைவிட நான்காம் நாள் மணம் கூடியிருக்கும், ஆகவே இருபதாம் தேதி வாக்கில் சுடுவது கணக்குக்குச் சரியாக வரும். நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடு காட்டலாம். பசை பூசாததற்கு மட்டும்தான் இது.

உடைந்தவற்றை எறிய வேண்டாம். சுவீடனில் இந்த பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு விரல் முட்டியால் நடுவில் தட்டுவார்கள். சரியாக மூன்று துண்டாக உடைந்தால் வேண்டியது நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நான்காக உடைந்தால் சத்தமில்லாமல் தின்றுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நம் ஊரில் தேத்தண்ணியில் தோய்த்துக்கொள்ளலாம். ஏழு பொத்தான் போட்டவனை மட்டும் யாரும் தட்டிவிடாமல், தட்டின் முன்வரிசையில் நிறுத்தி வையுங்கள். அவனைச் செய்த ஆள் காலையில் வந்து தேடுவார்.